எடைக்குப் போடுவதற்கு முன்னால்

வேதாரண்யத்தில் இருந்து கோடியக்கரை போகிற சாலையில், அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைத் தாண்டும்போது உதட்டை நக்கினால் கரிக்கும். 1930-ல் ராஜாஜி தொண்டர்களோடு வந்து உப்பு அள்ளியது இந்த மண்ணில்தான். அந்தப் பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். இங்கே வண்டி வைத்திருப்பவர்களைக் கேட்டால் உப்பைப் பற்றி வேறு மாதிரி பேசுவார்கள்.

இந்தப் பக்கத்துக் கொல்லைகளில் சகஜமாகப் பார்க்கக்கூடிய காட்சி ஒன்று உண்டு. பூவரசு மரத்தடியில் ஒரு பழைய மஹிந்திரா ஜீப். பின்னால் பாடி கட்டி, பிக்-அப் ஆக்கியிருப்பார்கள். ஒரு காலத்தில் மீன் கூடை ஏற்றியிருக்கும், உப்பு மூட்டை ஏற்றியிருக்கும், கல்யாணத்துக்குச் சீர்வரிசையும் ஏற்றியிருக்கும். இப்போது டயரில் காற்று இல்லை. கதவைத் திறந்தால் கீழே தரை தெரிகிறது. டிரைவர் சீட்டில் கோழி முட்டையிடுகிறது.

ஒருநாள் பழைய இரும்புக் கடைக்காரர் வாசலில் வந்து நிற்பார். "என்னம்மா, எடைக்குப் போட்டுடலாமா? சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குதே!"

வெளியூரில் இருக்கும் மகன் போனில், "போட்டுடும்மா, இன்னும் என்னத்துக்கு அது?" என்பார். அம்மாவுக்கு மனசு வராது. அது அப்பா ஓட்டிய வண்டி. கடைசியில் மனசா இடமா என்ற பேச்சில் இடம் ஜெயித்துவிடும். வண்டி அப்படியே, முழுசாக, கிலோ கணக்கில் போய்விடும்.

இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. கடைக்காரர் ஏமாற்றுவதாகச் சொல்லவில்லை. அவர் இரும்புக்கு ஒரு விலை பேசுகிறார், நாம் சரி என்கிறோம். ஆனால் அந்த வண்டியில் இருப்பது இரும்பு மட்டும் இல்லையே? டைனமோவிலும் செல்ஃப் மோட்டாரிலும் செம்பு இருக்கிறது. பழைய ரேடியேட்டரில் செம்பும் பித்தளையும் இருக்கின்றன. பேட்டரியில் ஈயம். இரும்பைவிடச் செம்பின் விலை பல மடங்கு அதிகம். முழு வண்டியையும் எடையில் ஏற்றினால் அந்தச் செம்பும் இரும்பு விலைக்கே போகும்.

அதைவிட முக்கியம், இன்னும் உயிரோடு இருக்கிற பாகங்கள். வெளியே இவ்வளவு துருப்பிடித்த வண்டியில் என்ன உயிரோடு இருக்கப்போகிறது என்று தோன்றும். அனுபவப்பட்ட மெக்கானிக் அப்படி நினைக்க மாட்டார். "அவசரப்படாதீங்கக்கா, மொதல்ல அடியில படுத்துப் பாத்துடுறேன்" என்று சாக்கை விரிப்பார்.

அவர் பார்ப்பதன் கணக்கு புரிய வேண்டும் என்றால், சமையலறைக் கல் உப்பு ஜாடியை நினைத்துக்கொண்டால் போதும். மழைக்காலத்தில் அது ஏன் கசிகிறது? சுத்தமான சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஆனால் கடல் நீரில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அது சுமார் 33 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுக்கும். உப்பு எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்பு நீரில் இது நிறைய. உப்பளப் பாதையில் ஓடிய வண்டியின் அடிப்பாகம் முழுக்க இந்தத் தண்ணீர் தெறித்திருக்கும். கடற்கரைக் காற்று 33 சதவீதத்துக்குக் கீழே காய்வது அபூர்வம். ஆக, பார்வைக்கு உலர்ந்து நிற்கிற வண்டி, உண்மையில் வருஷம் 365 நாளும் நனைந்தே நிற்கிறது.

அப்படி நனையாத இடம் எது? எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் இடம். கியர் பாக்ஸ், நான்கு சக்கர ஓட்டத்துக்கான டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்ஸில் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன் பினியன், எஞ்சினின் உள்பாகம். வெளிக்கூடு செங்கல் நிறத்தில் பொரிந்து கிடந்தாலும், உள்ளே பல்சக்கரங்கள் கண்ணாடி மாதிரி பளபளப்பது உண்டு.

ஆனால் திறக்காமல் நம்பக்கூடாது. அதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. வண்டி பல மாதம் அசையாமல் நின்றிருந்தால் எண்ணெய்க்குள் புகுந்த தண்ணீர் அடியில் தங்கிவிடும். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம். அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கை மெதுவாகத் தளர்த்தி, கீழே ஒரு கண்ணாடி பாட்டிலைப் பிடிக்க வேண்டும். முதலில் எண்ணெய் வந்தால் நல்ல சகுனம். தண்ணீர் வந்தாலோ, எண்ணெய் மோர் மாதிரி வெளுத்து வந்தாலோ, உள்ளே பேரிங்குகளில் துரு தொடங்கியிருக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததே, அப்படிப்பட்ட நேரத்தில் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் இந்தச் சோதனை கட்டாயம். ஆக்ஸில் ஹவுசிங்கின் மேலே மூச்சு விடுவதற்கென்று ஒரு சின்னத் துளை இருக்கும். தண்ணீர் அதன் மட்டத்துக்கு ஏறினால் உள்ளே போய்விடும். ஓடிச் சூடான வண்டியைத் தண்ணீரில் இறக்கினாலும் இதே கதைதான். உள்ளே காற்று திடீரென்று குளிர்ந்து சுருங்கும்போது வெளித்தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

எஞ்சினுக்கு இன்னும் பொறுமை வேண்டும். பேட்டரியை மாட்டிச் செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டியிருந்தால் அந்த ஒரு முயற்சியில் உள்ளே ஏதாவது உடையும். நாசில்களைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியே கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, நாலைந்து நாள் ஊறவிட வேண்டும். பிறகு முன்பக்கம் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் அசைத்துப் பார்க்கலாம். இம்மி நகர்ந்தாலும் போதும், நம்பிக்கை உண்டு. டீசல் பம்ப் வேறு விஷயம். பழைய டீசல் பிசினாகிக் கெட்டிப்பட்டிருக்கும். அது நல்லதா கெட்டதா என்பதை பம்ப் சர்வீஸ் கடையில் மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, இதையெல்லாம் கழற்றி யாருக்கு விற்பது?

மஹிந்திரா நிறுவனம் 1940-களின் கடைசியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கியது. அந்த வண்டியின் வாரிசுகள்தான் பிறகு பல பெயர்களில் பல பத்தாண்டுகள் இங்கே ஓடின. 1980-களில் வந்தவற்றில் பியூஜோ டீசல் எஞ்சின் இருந்தது. பெயர் மாறினாலும் அடிப்படை வடிவம் அதிகம் மாறவில்லை. ஒரு ஜீப்பின் பாகம் இன்னொரு ஜீப்புக்கு உதவுவது இதனால்தான். கேரளத்தின் இடுக்கி மலைகளில் பழைய ஜீப்புகள் இன்றைக்கும் சம்பாதிக்கின்றன. மூணாறு பக்கம், சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கியர் பாக்ஸும் கிரவுன் பினியனும் அங்கே என்ன பாடு படும் என்று. மேற்கு வங்கத்தில் மானேபஞ்சாங்கில் இருந்து சந்தக்ஃபு சிகரத்துக்குப் போகிற பாதையில், 1950-களின் லேண்ட் ரோவர்கள் ஓடிப் பேர் வாங்கின. தொழிற்சாலை கைவிட்ட பாகத்தை வேறு வண்டியில் இருந்து எடுத்துப் போட்டே காலம் தள்ளினார்கள்.

நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த இடம் சென்னை புதுப்பேட்டை. அங்கேதான் கொண்டுபோக வேண்டும் என்று இல்லை. பழைய ஜீப்பைப் பராமரிக்கிற மெக்கானிக் ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருப்பார். பாகத்தின் படத்தையும், அதில் வார்ப்பாகவோ பொறிப்பாகவோ இருக்கும் எண்ணையும் செல்போனில் எடுத்து அனுப்பினால், தேவைப்படுகிறவர் தானே கூப்பிடுவார். கழற்றுவதற்கு முன்பே படம் எடுப்பது நல்லது. எது எங்கே இருந்தது என்ற தகராறு வராது. போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாமல், எந்தப் பாகத்தின் போல்ட்டோ அந்தப் பாகத்தோடு பையில் கட்டிவைத்தால் வாங்குகிறவர் கூடுதலாக ஒரு நூறு ரூபாய் தரவும் யோசிக்க மாட்டார்.

கழற்றுவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. துரு என்பது இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும் பொருள். போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவே அது பருத்து, ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். நேராக ஸ்பேனர் போட்டு ஆள் பலத்தைக் காட்டினால் போல்ட்டின் தலை வழுக்கும், இல்லை முறியும். முதல் நாள் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு தளர்த்தும் எண்ணெயை விட்டு, அது இல்லாவிட்டால் டீசலாவது விட்டு, இரவு முழுக்க ஊறவைப்பது வழக்கம். மறுநாள் காலையில் முதலில் இறுக்குகிற பக்கமாகத் துளி அசைத்து, பிறகு தளர்த்துகிற பக்கம் திருப்ப வேண்டும். துருவின் பிடி விடுவது பெரும்பாலும் அந்த முதல் அசைவில்தான். வாய் திறந்த ஸ்பேனரைவிட ரிங் ஸ்பேனர் நல்லது. அதற்கும் மசியாத போல்ட்டைச் சூடு காட்டித்தான் எடுக்க வேண்டும்.

சூடு என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டீசல் டேங்க் இருக்கிற இடத்தின் பக்கத்தில் கேஸ் கட்டரைக் கொண்டுபோகவே கூடாது. "டேங்க் காலியா கெடந்து பல வருஷமாச்சுண்ணே" என்பார்கள். காலி டேங்க்தான் அதிக ஆபத்து. உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய் சூட்டில் ஆவியாகிக் காற்றோடு கலந்தால், ஒரு பொறி போதும், டேங்க் குண்டாக வெடிக்கும். இப்படி உயிர்விட்டவர்கள் உண்டு. முதல் வேலையாக டேங்கைக் கழற்றித் தூரத்தில் வைத்துவிட்டு, அப்புறம்தான் நெருப்புப் பற்றிப் பேச வேண்டும். அதேபோல் வண்டிக்கு அடியில் படுப்பதற்குமுன் ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது, செங்கல் அடுக்கும் வேண்டாம். செங்கல் சொல்லாமல் நொறுங்கும். கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அதன்மேல் சேஸிஸை உட்கார வைக்க வேண்டும். அந்தச் சேஸிஸும் இற்றுப்போகாத இடமாகப் பார்த்து.

பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே கறுப்புத் தூசி இருக்கும். அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். வாயால் ஊதுவதும் காற்றடிப்பதும் நுரையீரலுக்கு வினை. ஈரத்துணியால் துடைத்து எடுத்தால் முடிந்தது. செம்புக்காக ஒயர்களைக் குவித்துக் கொளுத்தும் பழக்கமும் சிலருக்கு உண்டு. அந்தப் புகையைக் குழந்தைகள் விளையாடும் கொல்லையில் கிளப்புவது எந்தக் கணக்கில் லாபம் என்று தெரியவில்லை.

இனி, எதை எடுக்கக்கூடாது என்பது. எடுத்து விற்பதைவிட இதில்தான் அதிக யோசனை வேண்டும்.

டை ராடு எண்ட், ஸ்டியரிங் இணைப்புகள், பிரேக் குழாய், ரப்பர் ஹோஸ், யூ போல்ட், பட்டையை மாட்டும் ஷாக்கிள். இவை எல்லாம் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் புதிது மாதிரியே இருக்கும். பிரேக் குழாயைப் பாருங்கள். பார்வைக்கு நேராக இருக்கும் பகுதி நன்றாகவே இருக்கும். கிளிப் மாட்டியிருந்த இடத்தின் அடியில்தான் உப்பு ஈரம் தங்கி, சுவர் காகிதம் போல மெலிந்திருக்கும். சாதாரணமாக மிதித்தால் தாங்கும். குறுக்கே ஓர் ஆட்டுக்குட்டியோ சைக்கிளில் ஒரு பையனோ வந்து, டிரைவர் பதறி முழுப் பலத்தோடு மிதிக்கும் அன்றைக்கு வெடிக்கும். பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன்தான். ஓர் இடத்தில் விட்டால் நான்கும் போச்சு. இந்தப் பாகங்களை இரும்போடு இரும்பாக எடைக்குப் போடலாம், இன்னொரு வண்டியில் மாட்ட யாருக்கும் கொடுக்கக்கூடாது. "பரவால்லண்ணே, கொடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று கேட்டாலும்தான். அவர் பார்த்துக்கொள்வார். அவருடைய வண்டிக்கு முன்னால் நடந்து போகிறவர் எப்படிப் பார்த்துக்கொள்வார்?

டயரும் அப்படியே. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருந்தால், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 0812 என்றால் 2012-ம் ஆண்டின் எட்டாவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் வெயிலில் ரப்பர் வெடித்திருக்கும்.

பட்டையின் கதைதான் இதில் சுவாரஸ்யம். வண்டிக்கு அடியில் வில் மாதிரி அடுக்கியிருக்கிற ஸ்பிரிங் பட்டைகளில் உப்பு அரித்த பொட்டுப் பொட்டான குழிகள் விழுந்திருந்தால், வண்டிக்கு அது ஆகாது. குழியில் இருந்து விரிசல் தொடங்கி ஒருநாள் முறியும். ஆனால் அதே பட்டை கொல்லுப் பட்டறைக்குப் போனால் ராஜ மரியாதை. கரிச்சத்து அதிகமான எஃகு என்பதால் அரிவாளுக்கும் கத்திக்கும் கேட்டு வாங்குவார்கள். காய்ச்சி அடிக்கும்போது மேல் துருவெல்லாம் செதிளாக உதிர்ந்துவிடும். இந்தப் பக்கத்து ஆட்கள் கடையில் அரிவாள் வாங்கும்போது, "பட்டையில அடிச்சதா?" என்று கேட்பது இதற்குத்தான். சக்கரமும் ஹப்பும் நல்ல நிலையில் இருந்தால் மாட்டு டயர் வண்டி செய்கிறவர்களிடம் விலை போகும்.

இவ்வளவும் முடிந்த பிறகு மிஞ்சுவது பாடியும் சேஸிஸும். பெட்டி வடிவச் சேஸிஸ் என்றால் அது உள்ளிருந்து வெளியே இற்றுவரும். வெளியில் துருத் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீர் என்னும். இற்றுப்போனது பொத்தென்று கேட்கும். அதை ஒட்டுப்போட்டு ஓட்டும் யோசனையை அதோடு விட்டுவிட வேண்டும்.

கடைசியாக ஒரு காகித வேலை. இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். வண்டி எடைக்குப் போனாலும் போக்குவரத்துத் துறைக் கணக்கில் அது உயிரோடுதான் இருக்கும், உரிமையாளர் பெயரும் அப்படியே இருக்கும். நம்பர் பிளேட்டையும் சேஸிஸ் எண் பொறித்த துண்டையும் வேறு யாராவது திருட்டு வண்டியில் ஒட்டினால், போலீஸ் தேடி வருவது பூவரசு மரத்தடி வீட்டுக்குத்தான். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் மீரட் நகரின் சோதிகஞ்ச் சந்தை, திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்ற புகாரில் 2021-ல் போலீஸ் நடவடிக்கைக்கு ஆளாகி மூடப்பட்டது நாடு முழுக்கச் செய்தியானது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 55-வது பிரிவுப்படி, வண்டி அழிந்துவிட்டாலோ இனி ஓட்டவே முடியாது என்று ஆகிவிட்டாலோ, 14 நாட்களுக்குள் உரிமையாளர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி. புத்தகத்தை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். பழைய கடன் ஏதாவது ஆர்.சி.யில் ஏறியிருந்தால் அதையும் முதலில் நீக்க வேண்டும். அப்பா பெயரில் இருந்து அப்பா காலமாகியிருந்தால், வாரிசுச் சான்றிதழ் வேலை கூடுதலாக உண்டு. அலைச்சல்தான். ஆனால் வண்டி வாசலில் நிற்கும்போதே இதைத் தொடங்கிவிட்டால் பாதி அலைச்சல் குறையும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2021 செப்டம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையங்களில் வண்டியை ஒப்படைத்தால், ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கும்போது மோட்டார் வாகன வரியில், சொந்த உபயோக வண்டிக்கு 25 சதவீதம் வரையிலும், வாடகை, சரக்கு வண்டிக்கு 15 சதவீதம் வரையிலும் சலுகை தர மாநிலங்களுக்கு அந்த ஆண்டே வழி செய்யப்பட்டது. எஞ்சினும் மற்ற பாகங்களும் கழற்றிய வண்டியை மையத்தில் எடுத்துக்கொள்வார்களா, எவ்வளவு கழிப்பார்கள் என்பதை ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். புது வண்டி வாங்கும் எண்ணம் இருக்கும் குடும்பத்துக்குச் சில சமயம் பாகத்தின் விலையைவிடச் சான்றிதழ் லாபமாக இருக்கும்.

அரசு ஏலத்தில் ஜீப் எடுத்து பிக்-அப் ஆக்கிக்கொண்ட காலமும் முடிந்துவருகிறது. 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிப்பதில்லை. அவையும் நேராக உடைப்பு மையங்களுக்கே போகின்றன.

வேலையைத் தொடங்கப் பங்குனி, சித்திரை நல்ல சமயம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், திறந்து வைத்த கியர் பாக்ஸுக்குள் ஒரே வாரத்தில் துரு ஏறிவிடும். கழற்றிய பாகங்களின் வாயைத் துணியால் அடைத்து, மேலே கிரீஸ் தடவி, தார்ப்பாய் சுற்றித் தரையில் படாமல் பலகை மேல் வைக்க வேண்டும். எடை போடும் அன்றைக்கு, பதிவு ரத்து செய்த காகிதத்தின் நகலை ஒரு பையில் போட்டு, கடைக்காரரிடம் கையெழுத்தும் தேதியும் போட்ட ரசீது வாங்கி, அதையும் அதே பையில் வைத்துக்கொள்ளலாம். ஹாரனையோ ஸ்பீடோமீட்டரையோ அம்மா கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவதுதான் சரி. எடையில் அது என்ன பெரிதாகக் குறைந்துவிடப் போகிறது?